பயிற்சி கொடுத்தும் லைனில் மாற்றம் தெரியவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

திருப்பூர், கோவை, ஈரோடு வட்டாரத்தில் 200 பேரிலிருந்து 1,000 பேர் வரை வேலை செய்யும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து எழுதியது இது. சூப்பர்வைசர்களுக்கும் மேலாளர்களுக்கும் தலைமைப் பயிற்சியும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பயிற்சியும் நடத்திவிட்டு, "ஒன்றும் மாறவில்லையே" என்று நிற்பவர்களுக்காக.

ஒரு தையல் லைனில் இன்று தமிழ், ஒடியா, இந்தி, வங்காளம் என்று நாலு மொழி கேட்கும். ஆர்டர் தேதி, நூல் விலை, ஹாஸ்டல் சாப்பாடு, கான்ட்ராக்டர் கணக்கு, ஊர்த் திருவிழா எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும். இப்படிப் பின்னிக் கிடக்கும் இடத்தில் நடப்பது முழுவதும் மேலே இருப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. கீழே இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு தெரியும். அவர்களில் பாதிப் பேர் வாய் திறப்பதில்லை. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பயிற்சி தலைமைப் பயிற்சியோடு ஒட்டியே இருக்க வேண்டியது இதனால்தான். கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் தேட வேண்டியது இதைத்தான்: விஷயம் தெரிந்தவர் வாயிலிருந்து முடிவெடுப்பவர் காதுக்குப் போகிற வழியில் எங்கே அடைப்பு?

தொடங்கும் முன்: கூலியும் நேரமும்

பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி வாங்கித் தைப்பவரை, 2 மணி நேரம் ஹாலில் உட்கார வைத்தால் அந்த 2 மணி நேரக் கூலி அவருக்கு நஷ்டம். பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். கடந்த 4 வாரச் சராசரியைக் கணக்கிட்டு அந்த நேரத்துக்குக் கூலி போட்டுவிடுங்கள். முந்தின நாளே அதைச் சொல்லியும் விடுங்கள். சூப்பர்வைசர் வகுப்புக்கு வருகிறார் என்றால் அவருடைய லைனின் அன்றைய டார்கெட்டைக் குறைத்து, போர்டில் இருக்கும் எண்ணையும் அழித்து எழுத வேண்டும். வாயால் "பார்த்துக்கலாம்" என்றால் அவர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

வேலை முடிந்து பஸ் காத்திருக்கும் நேரத்தில் வகுப்பு வைக்காதீர்கள். ஒரே நாளில் 8 மணி நேரம் நடத்துவதைவிட, வாரத்துக்கு 2 மணி நேரமாக 6 வாரம் நடத்துவது நல்லது. கற்றதைச் செய்து பார்த்து, தடுக்கி விழுந்து, அடுத்த வாரம் வந்து கேட்க இடம் கிடைக்கும். ஒரு வகுப்பில் 16 முதல் 20 பேர் போதும்.

"ஹாலில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், கேள்வியே வருவதில்லை"

முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். ஃபேக்டரி மேனேஜர் அங்கே இருந்தால், பதில் சொல்லப்போகிறவர் வாயைத் திறக்குமுன் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்துக்கொள்வார். அந்த ஒரு நொடி தெரிந்தால் போதும், காரணம் கிடைத்துவிட்டது. மேனேஜர் முதல் 10 நிமிடம் பேசட்டும்; "இங்கே பேசியதை வைத்து யாரையும் தனியே கூப்பிட்டு விசாரிக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டுக் கிளம்பட்டும். கடைசி 20 நிமிடத்துக்குத் திரும்பி வந்து, எழுதி வைத்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பதில்தான்: "செய்கிறேன்"; "செய்ய முடியாது, காரணம் இது"; "7 நாளில் சொல்கிறேன்". "முடியாது" என்பது நல்ல பதில்தான். பதிலே வராமல் போவதுதான் அடுத்த வகுப்பில் வாயை அடைக்கும்.

அடுத்த காரணம் கேள்வியிலேயே இருக்கலாம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுதுங்க" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "இதை நாளைக்கு உங்க லைன்ல செய்யப் போனா முதல்ல எங்க இடிக்கும்?" என்று கேளுங்கள். பிறகு 1 நிமிடம் தனியே யோசிக்க, 2 நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் பேச, 4 நிமிடம் நாலு பேராகச் சேர்ந்து பேச, கடைசியாக 5 நிமிடம் எல்லோர் முன்னும் சொல்ல விடுங்கள். இந்த முறை உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளது, பெரும்பாலும் வேலையும் செய்யும். செய்யாமல் போகும் இடம் ஒன்று உண்டு: சூப்பர்வைசரையும் அவர் லைன் டெய்லரையும் ஜோடி சேர்த்தால் அந்த 2 நிமிடமும் சூப்பர்வைசர் மட்டும்தான் பேசுவார். வேறு லைன் ஆளோடு சேருங்கள். நாலு பேர் சார்பில் பேசுபவர், அந்தக் குழுவில் குறைவாகப் பேசியவராக இருக்கட்டும். எழுதத் தெரியாதவர் வரையட்டும், அல்லது பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும்.

"மூன்றே வாரத்தில் பழையபடி சத்தம்"

தலைமைப் பயிற்சி உண்மையில் ஜெயிப்பதும் தோற்பதும், தவறு வெளியே தெரிந்த முதல் 10 நொடியில்தான். தரம் பார்க்க டிராஃபிக் லைட் முறை வைத்திருக்கும் லைனை எடுத்துக்கொள்வோம். செக்கர் மிஷின் மிஷினாகப் போய்ச் சில பீஸ்களை, வழக்கமாக 7, எடுத்துப் பார்க்கிறார். குறை இல்லையென்றால் பச்சை அட்டை, குறை கூடினால் மஞ்சள், அதற்கும் மேல் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மிஷினை நிறுத்திக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்பது விதி. நடப்பது வேறு. தலைக்கு மேல் சிவப்பு அட்டை தொங்குகிறது, வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது, சூப்பர்வைசர் வந்ததும் "கண்ணு எங்கம்மா இருக்கு?" என்கிறார். அடுத்த முறை தையல் விட்டுப்போன பீஸை அந்த அம்மா கட்டின் நடுவில் செருகிவிடுவார். அது இறுதிச் செக்கிங்கில் பெட்டி பெட்டியாகத் திரும்பி வரும்.

அதே இடத்தில் "ஊசி கடைசியா எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டால் கை ஊசிக்குப் போகும். ஊசி முனை மழுங்கியிருக்கும், அல்லது நூல் இழுவை மாறியிருக்கும், அல்லது காலையில் வந்த துணி ரோலே வேறாக இருக்கும். பயிற்சியில் இந்த 10 நொடியை மட்டும் எடுத்து, ஒவ்வொரு சூப்பர்வைசரையும் குறைந்தது 20 முறை நடித்துப் பார்க்கச் செய்யுங்கள். மூன்று கேள்விகளை அட்டையில் எழுதி அவர் சட்டைப் பையில் வைக்கக் கொடுங்கள்: மிஷினில் என்ன மாறியது? துணியோ நூலோ மாறியதா? என்னிடம் சொல்ல நினைத்து விட்டுப்போனது ஏதாவது உண்டா? மூன்றாவதுதான் கஷ்டமான கேள்வி. அதற்குப் பதில் வர மூன்று நான்கு வாரம் ஆகும்.

இவ்வளவு செய்தும் மூன்று வாரத்தில் சத்தம் திரும்புகிறது என்றால், காலை 10 மணிக்கு சூப்பர்வைசரை அவர் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி என்னவென்று போய்க் கவனியுங்கள். "எத்தனை பீஸ் ஓடுச்சு?" என்பது மட்டும்தான் கேள்வி என்றால், மேலே வாங்கிய அழுத்தத்தை அவர் கீழே இறக்குகிறார், அவ்வளவுதான். மேலாளருக்கு ஒரு வாரம் முன்னதாகவே அதே பயிற்சியைக் கொடுங்கள். தினசரிக் கூட்டத்தில் அவர் இரண்டாவதாக ஒன்றைக் கேட்கட்டும்: "நேத்து யார் எந்தத் தப்பைத் தானா வந்து சொன்னாங்க?" மேலாளர் உட்காராத பயிற்சியைத் தொடங்கவே வேண்டாம்; அது சூப்பர்வைசருக்குச் செய்யும் அநியாயம்.

"வெளிமாநிலத் தொழிலாளர்கள் எல்லாவற்றுக்கும் சரி என்கிறார்கள், செய்வதில்லை"

மொழிபெயர்ப்பவர் யார் என்று பாருங்கள். பல இடங்களில் அது கான்ட்ராக்டரின் ஆள். அவர்தான் ஊரிலிருந்து அழைத்து வந்தவர், முன்பணம் கொடுத்தவர், வருகைப் பதிவேடு வைத்திருப்பவர். அவர் வாய் வழியாக "ஹாஸ்டல்ல தண்ணி வரலை" என்ற புகார் எப்படி மேலே வரும்? ஆள் எடுப்பது, கூலி, வருகை மூன்றிலும் சம்பந்தமில்லாத ஒருவரை லைனுக்குள்ளேயே தேடுங்கள். இரண்டு வருடமாவது இங்கே இருந்த டெய்லராக இருந்தால் தமிழும் வந்துவிட்டிருக்கும். மொழிபெயர்க்கும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள்.

அடுத்த தவறு, வடக்கிலிருந்து வந்தவர் என்றாலே இந்தி என்று நினைப்பது. ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு ஒடியா, ஜார்க்கண்டின் சந்தால் பெண்ணுக்குச் சந்தாலி. இந்தியில் சொன்னால் அவர்களும் தலையாட்டிவிடுவார்கள். புரிந்ததா என்று தெரிய ஒரே வழி, கேட்டதைத் திருப்பிச் செய்து காட்டச் சொல்வது. தீப்பிடித்தால் வெளியேறும் வழி, மிஷின் நிறுத்தும் பொத்தான், புகார் சொல்ல வேண்டிய ஆள் ஆகிய மூன்றையும் செய்து காட்டாதவரை பயிற்சி முடிந்ததாகக் கணக்கு எழுதாதீர்கள். எழுத்தைவிட ஒரு நிமிடக் குரல் பதிவு வாட்ஸாப்பில் வேகமாகப் போய்ச் சேரும்.

பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தமிழில் உச்சரிப்போடு எழுதி சூப்பர்வைசர் கையில் கொடுங்கள். "ஏ இந்தி", "வடக்கா" என்ற கூப்பாடு நிற்க, பெயர் நாக்கில் ஏற வேண்டும். தமிழ்த் தொழிலாளர் பக்கமும் ஒரு மனக்குறை இருக்கும்: "இவங்க வந்ததாலதான் ரேட் ஏறலை." இதை வகுப்பில் அடக்கினால் லைனில் வெடிக்கும். பீஸ் ரேட் பட்டியலை எல்லோர் மொழியிலும் ஒரே சுவரில் ஒட்டுங்கள். ரேட்டில் உண்மையிலேயே வித்தியாசம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், பயிற்சி அப்புறம்.

"எங்கள் கம்பெனியில் சாதியெல்லாம் யாரும் பார்ப்பதில்லை"

இப்படிச் சொல்லும் நிர்வாகம் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறது. ஆனால் வகுப்பறையைவிட கேன்டீனில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அதிகம் தெரியும். யார் யாரோடு உட்காருகிறார்கள், யார் பாத்திரத்தைத் தனியே கொண்டுவருகிறார்கள், கழிப்பறை சுத்தம் செய்பவர் எங்கே சாப்பிடுகிறார் என்று பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவரிடம் கேட்கும் கேள்வி வரிசையையும் கவனியுங்கள்: "எந்த ஊரு?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "எந்தக் கோயிலுக்கு வரி கொடுப்பீங்க?" மூன்றாவது கேள்வி வருவதற்குள் கேட்டவருக்கு வேண்டிய பதில் கிடைத்திருக்கும்.

பயிற்சியாளர் இங்கே அடிக்கடி செய்யும் பெரிய தவறு, "உங்களுக்கு நடந்த அனுபவத்தைச் சொல்லுங்க" என்று எல்லோர் முன்பும் கேட்பது. சொன்னவர் மறுநாளும் அதே ஆட்கள் நடுவில்தான் வேலை செய்ய வேண்டும். ஒருபோதும் அப்படிக் கேட்காதீர்கள். ஆளை விட்டு விதியைப் பிடியுங்கள். சேர்க்கைப் படிவத்தில் தேவையில்லாத கேள்விகளை நீக்குங்கள். சூப்பர்வைசர் தன் ஊர்க்காரரையே வேலைக்குக் கூட்டிவரும் வழியைக் குறைத்து, காலியிடத்தை வாசல் போர்டில் எழுதுங்கள். சுத்தம் செய்யும் வேலைக்கு ஒரே தெருவிலிருந்து மட்டும் ஆள் வருகிறதா என்று பாருங்கள். கேன்டீனில் ஒரே மாதிரித் தட்டு, டம்ளர் வாங்கி வைத்துவிடலாம். செலவு கொஞ்சம்தான், பலன் பெரிது. பட்டப்பெயரையோ சாதியைச் சுட்டும் சொல்லையோ யார் சொன்னாலும், மேனேஜராக இருந்தாலும், ஒரே நடவடிக்கை என்று எழுதி வையுங்கள்.

"பெண்ணுக்குச் சூப்பர்வைசர் பதவி கொடுத்தோம், லைன் அவர் பேச்சைக் கேட்பதில்லை"

"தன்னம்பிக்கைப் பயிற்சி" கொடுக்கச் சொல்லித்தான் முதலில் கேட்பார்கள். அதற்கு முன் ஒரு தாளில், ஒரு சூப்பர்வைசர் வாரத்தில் எடுக்கும் 10 முடிவுகளை எழுதுங்கள்: அரை நாள் லீவு, மிஷின் மாற்றுவது, ஆல்ட்டர் பீஸை (குறை சரிசெய்ய வேண்டியதை) திருப்புவது, ஓவர்டைம் பட்டியல், ஹெல்ப்பரை இடம் மாற்றுவது, இப்படி. எதெல்லாம் அவர் தானே முடிவெடுக்கலாம், எதற்கெல்லாம் "அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்று குறியுங்கள். பக்கத்து லைன் ஆண் சூப்பர்வைசருக்கும் அதே தாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை.

மெக்கானிக் வரும் நேரத்தையும் 2 வாரம் பதிவு செய்யுங்கள். யார் கூப்பிட்டார், எத்தனை நிமிடத்தில் வந்தார் என்ற இரண்டு கட்டம் போதும். பெண் சூப்பர்வைசர் கூப்பிட்டால் இரட்டிப்பு நேரம் ஆகிறது என்றால் அந்த லைன் உற்பத்தி குறைவதற்கு அவர் பொறுப்பல்ல. அந்தத் தாளோடு மெக்கானிக்குகளின் மேலாளரைப் பாருங்கள்.

"எங்களுக்கு ஒரு பாலியல் புகார்கூட வந்ததில்லை"

இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1990களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தவர்கள் அல்ல, செய்ததைத் துணிந்து சொன்னவர்கள். புகார் பெட்டிக்கும் இதே கணக்குதான்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைமை வகிப்பவர் மூத்த நிலையில் உள்ள பெண் ஊழியர். ஊழியர்களிலிருந்து குறைந்தது 2 பேர், வெளியிலிருந்து ஒருவர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். தாளில் இதெல்லாம் இருக்கும். சோதிக்க வேண்டியது லைனில்: ஹெல்ப்பர் ஒருவரிடம் "புகார் சொல்லணும்னா யார்கிட்ட போவீங்க?" என்று கேளுங்கள். "சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட" என்றால் குழு இல்லாததற்குச் சமம். 10 பேரிடம் கேட்டு, 7 பேராவது குழுவில் உள்ள ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும்.

பயிற்சியில் பலர் விட்டுவிடும் விஷயங்கள்: கான்ட்ராக்ட் தொழிலாளியும் வேலை பழக வந்தவரும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். கம்பெனி வண்டியில் நடந்ததும் பணியிடத்தில் நடந்ததுதான். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்; தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுதித் தர குழு உதவ வேண்டும். விசாரணைக்கு 90 நாள். சமரசம் புகார் கொடுத்த பெண் கேட்டால் மட்டுமே, அதுவும் பணம் பேசி முடிப்பதாக இருக்கக் கூடாது. "பேசி முடிச்சு வைங்க" என்று ஹாஸ்டல் வார்டனும் கான்ட்ராக்டரும் சேர்ந்து உட்காரும் வழக்கம் இருந்தால், அவர்கள் இருவருக்கும் தனி வகுப்பு வேண்டும்.

"மாற்றுத்திறனாளி ஊழியர் நாலு மாதத்தில் நின்றுவிட்டார்"

காது கேளாதவர் என்று வைத்துக்கொள்வோம். வேலையில் குறை இருக்காது. தீ எச்சரிக்கை மணி மட்டும் அடித்தால் அவருக்குத் தெரியாது. மினுக்கும் விளக்கு வேண்டும். டார்கெட் மாறியதை சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தினால் அவருக்கு எட்டாது. மிஷின் மேல் சிறு பலகை வேண்டும். அவரைச் சுற்றி உட்காரும் ஆறு பேருக்கு 20 சைகைகள் கற்றுக்கொடுங்கள். ஒரு மணி நேரம் போதும், கற்றுத்தருபவர் அவராகவே இருக்கட்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையில் இந்த விளக்கும் பலகையும் பெயரோடு இருக்கட்டும்.

"வகுப்பு முடிந்ததும் ஆண்கள் முகம் சுளிக்கிறார்கள்"

முதல் அரை மணி நேரம் சட்டப் பிரிவும் தண்டனையும் சொன்னால் இப்படித்தான் ஆகும்; வந்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதாக உணர்வார். அன்றாட வேலைச் சிக்கலிலிருந்து தொடங்குங்கள். சட்டத்தை மூன்றாவது வகுப்புக்கு வையுங்கள், ஆனால் அதில் ஒரு வரியையும் குறைக்காதீர்கள். முகம் சுளிப்பது நாலைந்து பேர் மட்டும்தான், அவர்களும் ஒரே ஆளின் கீழ் வேலை செய்கிறார்கள் என்றால் பாடத்தை விட்டு அந்த ஆளைப் பாருங்கள்.

"திங்கள்கிழமை ஆள் வருவதில்லை, எந்தத் திட்டமும் எடுபடவில்லை"

சனிக்கிழமை வாரக்கூலி, திங்கள் லைனில் காலி மிஷின்கள். வருகை போனஸ் போட்டார்கள், அபராதம் போட்டார்கள், இரண்டும் பலிக்கவில்லை. இங்கே தலைமைப் பயிற்சி செய்ய வேண்டியது, சிக்கலின் வகையைப் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தருவது. டேவ் ஸ்னோடன் என்ற மேலாண்மை ஆலோசகர் 1999இல் உருவாக்கத் தொடங்கிய கினெவின் முறை இதற்கு உதவும். நிபுணரைக் கூப்பிட்டால் விடை கிடைக்கும் பிரச்சினை ஒன்று: மிஷின் மோட்டார் சூடாவது போல. செய்து பார்த்தால்தான் காரணமே தெரியும் பிரச்சினை வேறு: திங்கள் வருகை அந்த வகை. இரண்டாவதை முதலாவது போல நடத்தி, ஒரே பெரிய திட்டத்தைத் தொழிற்சாலை முழுக்கப் போடுவதுதான் பிழை.

முதலில் ஆட்களைக் கூட்டுங்கள்: ஹெல்ப்பர் ஒருவர், ஒடியா பேசும் டெய்லர் ஒருவர், ஹாஸ்டல் வார்டன், பஸ் டிரைவர், சின்னக் குழந்தை உள்ள தாய் ஒருவர், சூப்பர்வைசர் இருவர். திங்கள் வராததற்கு இவர்கள் சொல்லும் காரணங்கள் ஆளுக்கொன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் ஓட்டியதால் துணி துவைக்க, மருத்துவமனை போக நாளே இல்லை என்பார் ஒருவர். திங்கள் காலை பஸ் வேறு வழியில் வருகிறது என்பார் டிரைவர். பாலர் பள்ளி திங்களில் தாமதமாகத் திறக்கிறது என்பார் அந்தத் தாய். எல்லாமே சரியாக இருக்கலாம்.

பிறகு மூன்று சிறு சோதனைகள், ஒவ்வொன்றும் 2 லைனில் மட்டும், 3 வாரத்துக்கு. ஒன்றில் ஞாயிறு ஓவர்டைமை நிறுத்துங்கள். ஒன்றில் திங்கள் மட்டும் அரை மணி தாமதமாகத் தொடங்குங்கள். ஒன்றில் வாரக்கூலியை வேறு நாளுக்கு மாற்றுங்கள். ஆனால் அந்த லைன் ஆட்கள் சம்மதித்தால் மட்டும், ஏனென்றால் வட்டிக்காரர் சனிக்கிழமைதான் வருவார். தொடங்கும் நாளிலேயே "இது நடந்தால் நிறுத்திவிடுவோம்" என்று ஒரு வரி எழுதுங்கள்: வருகை இன்னும் குறைந்தால், அல்லது இரண்டு பேருக்கு மேல் கூலிக் குறைவு என்று புகார் சொன்னால். அந்த வரி இல்லாத சோதனை, தோற்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தொடங்கிய மேலாளருக்கு நிறுத்த மனம் வராது.

மூன்றாவது வார முடிவில் அதே ஆட்களை மறுபடி உட்கார வைத்து, வருகைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். பலித்ததை இன்னும் 2 லைனுக்கு மட்டும் நீட்டுங்கள். ஒரே தாவலில் எல்லா லைனுக்கும் வேண்டாம். பலிக்காததையும் காரணத்தோடு போர்டில் எழுதுங்கள். யோசனை சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும், அவர் மொழியிலேயே, பக்கத்தில் எழுதுங்கள்.